அணுக்கழிவை எங்கே வைப்பது என்று ஊர்க்காரர்களை உண்மையாகவே கேட்ட நாடு உண்டா?

ஜெராக்ஸ்கடை அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ராதாபுரம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ வரைதான் படிப்பு. மெஷின் ஓடும்போது கையில் இருக்கிற தாளைப் படிப்பது என் கெட்ட பழக்கம். கிரயப் பத்திரம், ஜாதகம், போலீஸ் புகார் மனு என்று எதையும் விட்டதில்லை.

2019 ஜூன் மாதம் ஒருவர் ஒரு அறிவிப்பைக் கொண்டுவந்து முந்நூறு காப்பி போடச் சொன்னார். ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று போட்டிருந்தது. கூடங்குளம் 1, 2 உலைகளில் எரிந்து முடிந்த எரிகோல்களை, உலைக் கட்டடத்துக்கு வெளியே வளாகத்துக்குள்ளேயே தனியாக வைக்க ஒரு கூடம் கட்டப் போகிறார்களாம். ஏஎஃப்ஆர் என்று பெயர். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, "கழிவு வைக்கிற இடம்" என்பார்கள். கூடவே தமிழில் ஒரு சுருக்க அறிக்கையும் வந்தது. முந்நூறு காப்பி ஓடி முடிவதற்குள் மூன்று தடவை படித்தேன். தமிழ்தான், ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் எதிர்ப்பு கிளம்பிக் கூட்டமே தள்ளிப்போனது. காப்பிக்குக் காசு வந்துவிட்டது, அது வேறு.

இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், சென்னையில் இன்ஜினியரிங் படிக்கிற என் அண்ணன் மகன் பொங்கலுக்கு வந்தவன், "அத்தை, நீங்க எல்லாத்துக்கும் வேண்டாம் வேண்டாம்னா எப்படி? பின்லாந்துல ஊர்க்காரங்களே ஓட்டுப் போட்டு, எங்க ஊர்லயே புதைச்சுக்கோங்கன்னு வாங்கி வச்சுக்கிட்டாங்க" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் சொன்னது உண்மையா? அப்படியென்றால் அங்கே எப்படிக் கேட்டார்கள்? எந்த ஊராவது வேண்டாம் என்று சொல்லி, சரி என்று விட்டுவிட்டுப் போன கதை உண்டா?

அடுத்த கிராம சபைக்கு ஒரு தீர்மானம் டைப் செய்து தரச் சொல்லியிருக்கிறார்கள். "இங்கே வேண்டாம், வேறு எங்காவது கொண்டுபோங்கள்" என்பதுதான் அதன் சாரம். டைப் அடிக்கும்போதே கை கொஞ்சம் நின்றது. அதனால்தான் கேட்கிறேன். கட்சி சண்டை வேண்டாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய ஷிஃப்ட் எழுதியது:

தங்கச்சிக்கு வணக்கம். அணுசக்தித் துறையில் 31 வருஷம் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவன். எந்த ஊரில் என்று சொல்லமாட்டேன். நான் அணுமின்சாரத்துக்கு எதிரி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தத் தமிழ்ச் சுருக்கம் ஏன் விளங்கவில்லை என்று சொல்கிறேன். நம் அரசின் கணக்கில் அது கழிவே இல்லை. உங்கள் ஊர் உலை ஒவ்வொன்றிலும் 163 எரிகோல் கட்டுகள் இருக்கும். அவ்வப்போது உலையை நிறுத்திப் பழையதில் ஒரு பகுதியை வெளியே எடுத்துப் புதியதைப் போடுவார்கள். வெளியே வந்தது பயங்கரச் சூடு, பயங்கரக் கதிர்வீச்சு. உலைக்குப் பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டிக்குள் வருஷக்கணக்கில் ஆறவிட வேண்டும். ஆனால் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் யுரேனியம் அப்படியே இருக்கும், ஒரு பங்கு போல புளூட்டோனியம். அதைப் பிரித்தெடுத்து மறுபடி எரிக்கலாம் என்பது இந்தியாவின் கொள்கை. பிரித்த பிறகு மிஞ்சும் சில சதவீதம்தான் உண்மையான கழிவு. அதைக் கண்ணாடியோடு உருக்கி எஃகு உருளையில் அடைப்பார்கள். டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் மூன்று இடத்திலும் அதற்கான ஆலை இருக்கிறது. ஆகவே, "கழிவு வரப்போகிறது" என்று ஊர் சொல்லும், "அது கழிவு அல்ல, எரிபொருள்" என்று துறை சொல்லும். இருவரும் ஒரே எரிகோலைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

அடுத்தது, இந்தச் சாமான் இங்கே தங்கப் போவதாக முதலில் பேச்சே இல்லை. 1988இல் சோவியத் யூனியனோடு போட்ட ஒப்பந்தத்தில் எரிந்த கோல்கள் அங்கேயே திரும்பிப் போகும் என்றிருந்தது. 1998இல் ரஷ்யாவோடு திருத்தம் போட்டபோது அது மாறி, இந்தியாவே வைத்துக்கொள்ளும் என்றானது. எந்த ஊரைக் கேட்டு மாற்றினார்கள்? கேட்கவில்லை. உலைக்கு அனுமதி வாங்கியது 1989, பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்ற விதியெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. அதனால் 1, 2 உலைகளுக்குக் கருத்துக்கேட்பே நடக்கவில்லை.

2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலையை நடத்தலாம் என்று தீர்ப்புச் சொன்னபோது, ஐந்து வருஷத்தில் இந்த ஏஎஃப்ஆர் வர வேண்டும், நிரந்தரமாகப் புதைக்கும் ஆழ்நிலக் கிடங்குக்கும் சீக்கிரம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. 2018இல் அவகாசம் கேட்டு, 2022 ஏப்ரல் வரை வாங்கினார்கள். அந்தக் கெடுவும் முடிந்துபோனது. அதனால் தங்கச்சி ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏஎஃப்ஆர் வேண்டாம் என்றால் கோல்கள் ஆகாயத்தில் மறைந்துவிடாது. உலையோடு ஒட்டிய தொட்டியிலேயே நெருக்கியடித்துக் கிடக்கும். அது இதைவிட நல்லது என்று என்னால் சொல்ல முடியாது.

இப்போது மருமகப்பிள்ளையின் பின்லாந்து. பாதி சரி. ஊர்க்காரர்கள் நேரடியாக ஓட்டுப் போடவில்லை, எவுராயோக்கி என்ற ஊரின் மன்றம் 2000 ஜனவரியில் ஓட்டெடுத்தது. 20 பேர் ஆதரவு, 7 பேர் எதிர்ப்பு. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வரி உண்டு: ஊர் மன்றம் வேண்டாம் என்றால் அரசாங்கமே மேற்கொண்டு நகர முடியாது. அந்த 20 பேரும் கை தூக்கும்போது, தூக்காமல் இருந்தாலும் நடக்கும் என்ற நிலை இல்லை. 1983இலேயே, 2000க்குள் இடம், 2020 வாக்கில் புதைக்கத் தொடக்கம் என்று கால அட்டவணை போட்டுவிட்டார்கள். கொஞ்சம் பிந்தியதே தவிர அதை விடவில்லை. 400 மீட்டருக்குக் கீழே பாறையைக் குடைந்து ஓன்காலோ என்று கட்டியும் முடித்திருக்கிறார்கள். இன்னொன்று, அந்த ஊரில் 1970களின் கடைசியிலிருந்தே அணு உலை ஓடுகிறது. வரி வருமானம் அதிலிருந்துதான்.

பின்லாந்தின் இன்னொரு ஊரான லொவீசாவில் இருப்பதும் உங்கள் ஊரைப் போல ரஷ்ய வகை உலை, அளவில் சின்னது. அதன் எரிகோல்களை 1996 வரை ரஷ்யாவுக்குத்தான் அனுப்பினார்கள். பிறகு, நம் கழிவு நம் மண்ணில்தான் என்று 1994இல் போட்ட சட்டத்தால் நிறுத்தினார்கள். அனுப்பிய இடம் மாயக். 1957இல் கழிவுத்தொட்டி வெடித்து ஊர் ஊராகக் காலி செய்த இடம். "ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்பு" என்று இங்கே எல்லாக் கட்சியும் சொல்கிறது. 2022 பிப்ரவரியில் முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்திலும் அதுதான் இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கேயும் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும்.

---

மாரிக்குப்பம் லோக்கல் எழுதியது:

அக்கா, நீங்க கை நின்றதாக எழுதிய அந்த "வேறு எங்காவது" நாங்கதான். கோலார் தங்கவயல்.

எங்கள் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கூலிக்கு வந்தவர். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். 2001 பிப்ரவரியில் கம்பெனியை மூடியபோது அவருக்கு வந்தது ஒரு செட்டில்மென்ட் செக்கும் ஒரு இருமலும். இப்போது ஊரில் இருப்பது தண்ணீர் நிறைந்த குழிகளும் சயனைடு மண் மேடுகளும்தான். காற்றடித்தால் காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல் நிறம். காலை ரயிலில் பெங்களூர் போய் ராத்திரி திரும்பி வந்து தூங்குகிற ஊர்.

2012 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் கூடங்குளம் வழக்கு. "கழிவை எங்கே வைப்பீர்கள்?" என்று உங்கள் தரப்பில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அரசு தரப்பிலிருந்து வந்த பதிலில் கோலார் சுரங்கம் என்று இருந்தது. நாங்கள் டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். எங்கள் ஊருக்கு ஒரு கடுதாசி இல்லை, ஒரு தண்டோரா இல்லை. மறுநாளே ஊர் தெருவுக்கு வந்துவிட்டது. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று பார்க்காமல் எல்லோரும் நின்றோம். அப்புறம், அப்படி ஒரு திட்டமே இல்லை என்று மறுப்பு வந்தது. திட்டமே இல்லையென்றால் எங்கள் ஊர் பெயர் கோர்ட்டுக்குள் எப்படிப் போனது?

அது முழுக்கக் காற்றிலிருந்து வந்ததும் இல்லை. 1980களில் எங்கள் சுரங்கத்தில் கைவிட்ட ஒரு பகுதியில், சுமார் 1000 மீட்டர் ஆழத்தில், அணுசக்திக்காரர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். பாறைக்குள் மின்சார ஹீட்டர் வைத்துச் சூடாக்கி, பாறை எப்படி விரிகிறது, விரிசல் விடுகிறதா என்று வருஷக்கணக்காக அளந்தார்கள். கழிவு எதுவும் கொண்டுவரவில்லை, வெறும் சூடுதான். அப்பா சொல்வார்: "நாங்க சூடு தாங்காம சாகறோம், இவங்க பாறைக்கு அடுப்பு வைக்கறாங்க." அது ஆராய்ச்சி என்று அன்றைக்கே ஊரைக் கூட்டிச் சொல்லியிருந்தால் 2012இல் பாதி பயம் இருந்திருக்காது. மீதி பாதி பயம் நியாயமானதுதான். நூறு வருஷத்துக்கு மேல் தோண்டி, பாறை வெடிப்பில் ஆட்களைக் காவு கொடுத்து, உள்ளே தண்ணீர் ஏறிக் கிடக்கிற மண்ணுக்குக் கீழே எதையும் வைக்கக் கூடாது என்பதற்கு இன்ஜினியர் தேவையில்லை, என் அப்பா போதும்.

உங்கள் மேல் கோபம் இல்லை அக்கா. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு எங்கள் ஊர் பெயரைப் பதிலாகச் சொன்னார்கள். அதை மறக்க முடியவில்லை.

---

உப்சாலா குளிர் எழுதியது:

வேண்டாம் என்றதும் விட்டுவிட்டுப் போன கதை கேட்டீர்களே, அக்கா, அது இந்த ஊர்க் கதை. நான் நாகர்கோவில்காரி, ஸ்வீடனில் உப்சாலாவில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். இவர்கள் கழிவைப் புதைக்கப் போகும் ஃபோர்ஸ்மார்க் எங்கள் மாவட்டம்தான். இவர்களும் ஆரம்பத்தில் நம் ஆட்களைப் போலத்தான் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

1980 வாக்கில், பாறை எங்கே நன்றாக இருக்கிறது என்று பார்க்க, ஊரைக் கேட்காமல் துளைபோடும் மெஷினோடு போய் இறங்கினார்கள். மேற்குப் பக்கம் ஷின்னேஃபியெல் என்று ஒரு மலை. அந்த மலையடி ஜனங்கள் மேலே ஒரு குடிசை போட்டு, முறை வைத்துக் காவல் காத்தார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை. 1980இலிருந்து 2000 வரை, இருபது வருஷம், ராத்திரி பகல், இந்தப் பனியில். இங்கே ஜனவரியில் குப்பை கொட்டப் போவதற்கே எனக்கு அழுகை வரும். அந்த மலைக்கு வரமாட்டோம் என்று எழுத்தில் உறுதி வந்த பிறகுதான் இறங்கினார்கள். கூடங்குளம் உலையை எதிர்த்த இடிந்தகரை உண்ணாவிரதப் பந்தலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடிசைதான் நினைவுக்கு வரும்.

அந்த மாதிரி அடிவாங்கியதில் எஸ்கேபி என்கிற கழிவு நிறுவனம் (உலை நடத்தும் கம்பெனிகள் சேர்ந்து வைத்திருப்பது) 1992இல் வழியை மாற்றியது. எல்லா ஊர் மன்றத்துக்கும் கடிதம் போட்டது: ஆய்வு செய்ய யாருக்காவது சம்மதமா? வடக்கே இரண்டு ஏழை ஊர்கள், வேலை கிடைக்குமென்று முன்வந்தன. ஸ்டோருமன் 1995இல் பொது வாக்கெடுப்பு வைத்தது, 71 சதவீதம் வேண்டாம் என்றது. மாலோ 1997இல், 54 சதவீதம் வேண்டாம். இரண்டு ஊரிலிருந்தும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். 54 சதவீதம் என்பது மயிரிழை. "இன்னொரு தடவை விளக்கிச் சொல்கிறோம்" என்று திரும்பி வரவில்லை பாருங்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

கடைசியில் போட்டியில் நின்றவை ஏற்கெனவே உலை இருக்கும் இரண்டு ஊர்கள்: ஆஸ்கர்ஷாம், எஸ்தம்மார் (ஃபோர்ஸ்மார்க் இதில்தான் இருக்கிறது). இதில் ஆஸ்கர்ஷாமைப் பற்றி உங்களுக்கு அவசியம் சொல்ல வேண்டும். உங்கள் ஏஎஃப்ஆர் மாதிரி ஒன்று அங்கே 1985 முதல் இருக்கிறது. கிளாப் என்று பெயர். பாறைக்குள் முப்பது மீட்டர் ஆழத்தில் குகை, அதற்குள் தண்ணீர்த் தொட்டிகள். நாட்டின் எல்லா உலைகளின் எரிகோல்களும் கப்பலில் அங்கே போய்க் கிடக்கின்றன. அதை எதிர்த்து இடிந்தகரை மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஏன் என்று அங்கே வேலை பார்த்த ஒருவரிடம் கேட்டேன். "அடுத்த பஸ் எப்போது என்று போர்டு எழுதியிருந்தால் ஸ்டாப்பில் நிற்க யாரும் பயப்படமாட்டார்கள்" என்றார். தற்காலிகம் என்றால் எதுவரை, அதற்குப் பிறகு எங்கே, யார் செலவில் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. உங்கள் ஊரில் ஏஎஃப்ஆரை விடப் பெரிய பிரச்சினை, அதற்கு அப்புறம் என்ன என்பதுதானே?

அப்புறம் காசு. இதை உங்கள் மருமகனுக்கும் காட்டுங்கள். 2009இல் இடத்தை முடிவு செய்வதற்குச் சற்று முன்னால் இரண்டு ஊரோடும் ஒரு ஒப்பந்தம். வளர்ச்சிப் பணிகளுக்கு 200 கோடி குரோனர் வரை. எப்படிப் பிரிப்பது? தேர்வாகும் ஊருக்குக் கால் பங்கு. தோற்கும் ஊருக்கு முக்கால் பங்கு! ஜெயித்த ஊருக்குத்தான் வேலையும் முதலீடும் வந்துவிடுமே என்று கணக்கு. காசுக்காக யாரும் கழிவை வாங்கினார்கள் என்ற பேச்சு வரக் கூடாது. நான் முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன்.

இன்னொரு காசு இதைவிட முக்கியம். உலை விற்கும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் கழிவு நிதிக்கு ஒரு கட்டணம் போகிறது. அந்த நிதியிலிருந்து ஊர் மன்றத்துக்கும் பணம் வரும், ஊர் சொந்தமாக நிலவியல் நிபுணரை, வக்கீலை வைத்துக்கொள்ள. பிறகு எதிர்ப்பு அமைப்புகளுக்குமே அதிலிருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். மூன்று தடவை படித்தும் விளங்காத அந்தச் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் போய் உட்கார, உங்கள் பஞ்சாயத்து சம்பளம் கொடுக்கும் ஒரு விஞ்ஞானி இருப்பதாக நினைத்துப் பாருங்கள்.

அதனால் பலன் இருந்ததா என்றால், இருந்தது. ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் செம்புப் பெட்டி, அதைச் சுற்றிப் பெண்டோனைட் களிமண், 500 மீட்டர் ஆழம், லட்சம் வருஷம் தாங்கும் என்றார்கள். ஆக்ஸிஜன் இல்லாத தண்ணீரிலும் செம்பு அரிக்கும் என்று ஸ்டாக்ஹோமில் சில ஆராய்ச்சியாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். 2018 ஜனவரியில் சுற்றுச்சூழல் நீதிமன்றம், இந்தச் சந்தேகம் தீராமல் அனுமதி தரக் கூடாது என்று அரசுக்குச் சொன்னது. எஸ்தம்மாரில் அந்த மார்ச்சில் நடக்கவிருந்த வாக்கெடுப்பை அதனால் ரத்து செய்தார்கள். கூடுதல் ஆவணங்கள் வந்து, 2020 அக்டோபரில் ஊர் மன்றம் 38க்கு 7 என்று சம்மதம் தந்தது. 2022 ஜனவரியில் அரசு அனுமதி. மண்வெட்டி போட்டது 2025 ஜனவரியில்தான். கடிதம் போட்டு முப்பத்து மூன்று வருஷம்!

ரொம்பவும் புகழ்ந்துவிட்டேன். ஊரின் மறுப்பை அரசு தாண்டிப்போக ஒரு பின்வாசல் இவர்கள் சட்டத்திலும் இருக்கிறது, இதுவரை யாரும் திறக்கவில்லை என்பதுதான் விஷயம். எஸ்தம்மார்க்காரர்களுக்கு உலை என்பது அப்பா வேலை பார்த்த இடம், அந்தப் பழக்கமும் அந்த 38இல் சேர்ந்தது. 1986இல் செர்னோபில் வெடித்ததை மேற்குலகம் கண்டுபிடித்ததே ஃபோர்ஸ்மார்க் தொழிலாளி ஒருவரின் செருப்பில் ஒட்டிய கதிர்வீச்சுத் தூசியால் அலாரம் அடித்துத்தான். அவ்வளவு தூரம் அந்த ஊருக்கு அது அன்றாடம்.

---

ஜெராக்ஸ்கடை அக்கா எழுதியது:

மாரிக்குப்பம் தம்பி, அந்தப் பதிலைக் கடையிலேயே படித்துவிட்டேன், ஒருவர் ரேஷன் கார்டு காப்பிக்காக நின்றுகொண்டிருந்தார். தெரியாமல் போச்சு தம்பி. அப்போது இங்கே யாரும் கோலார் என்று பேசிக்கொள்ளவில்லை. "கழிவுக்குப் பதில் சொல்லிட்டாங்களாம்" என்றுதான் வந்தது.

உப்சாலா தங்கச்சி, தோற்ற ஊருக்கு முக்கால் பங்கு என்றதை வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர், "அப்போ நாம தோத்துடலாம்" என்கிறார்.

பழைய ஷிஃப்ட் அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. இங்கே கருத்துக்கேட்பில் எல்லோரும் வேண்டாம் என்று சொன்னால் சட்டப்படி என்ன ஆகும்?

---

பழைய ஷிஃப்ட் எழுதியது:

எழுதிக்கொள்வார்கள், தங்கச்சி. 2006ஆம் வருஷத்து விதிப்படி கலெக்டர் தலைமையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டம் நடத்தும், பேசியதைப் பதிவு செய்து மேலே அனுப்பும். மேலே இருக்கிறவர்கள் அதைப் "பரிசீலிப்பார்கள்". ஓட்டெடுப்பு கிடையாது, மறுக்கும் அதிகாரம் கிடையாது. முழு அறிக்கை ஆங்கிலத்தில், ஊர்மொழியில் சுருக்கம் மட்டும். நீங்கள் காப்பி போட்டது அதுதான்.

இப்படி ஒரு கூட்டத்தில் (உங்கள் ஊர் இல்லை) மேடைக்குப் பக்கத்தில் ஃபைல் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். எங்கள் ஆள் ஒருவர், "வரும் கதிர்வீச்சு ஒரு எக்ஸ்ரே எடுக்கிற அளவுதான்" என்றார். ஒரு மீனவப் பெரியவர் எழுந்து, "எத்தனை நாளைக்கு ஒரு எக்ஸ்ரே அய்யா?" என்று கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதற்குப் பதில் என் கையிலிருந்த ஃபைலில் இருந்தது, மிகச் சின்ன எண், சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். "அடுத்தவர் பேசலாம்" என்றார்கள். நானும் வாய் திறக்கவில்லை. அதிகாரி முன்னால் டெக்னீஷியன் பேசுவதில்லை என்பது எங்கள் சாதி வழக்கம்.

---

17ஆம் நெடுஞ்சாலை எழுதியது:

அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்ப கனடா. லொறி ஓடுகிறேன், டொராண்டோவிலிருந்து வினிப்பெக். தண்டர் பேயைத் தாண்டி மூன்று மணித்தியாலம் போனால் இக்னஸ் என்று ஒரு சின்ன ஊர், 1200 சனம் இருக்கும். நான் தேத்தண்ணி குடிக்க நிற்கிற இடம். கனடாவின் எரிந்த எரிகோல் முழுவதையும் அந்தப் பக்கம்தான் புதைக்கப் போகிறார்கள்.

இங்கேயும் கேட்டுத்தான் செய்தார்கள். 1998இல் ஒரு விசாரணைக் குழு, தொழில்நுட்பம் போதுமென்று வைத்துக்கொண்டாலும் சனத்தின் ஆதரவு இருப்பதாக நிரூபிக்கவில்லை என்று திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. பிறகு 2010இல் விருப்பமுள்ள ஊர்கள் வாருங்கள் என்றதும் 22 ஊர்கள் பேர் கொடுத்தன. கடைசியில் இரண்டு. இக்னஸ் 77 வீதம் ஓம் என்றது. சவுத் புரூஸ் என்ற மற்ற ஊரில் 2024 ஒக்ரோபரில் வாக்கெடுப்பு: ஓம் 1604, இல்லை 1526. 78 வாக்கு வித்தியாசம்! அந்த ஊரில் அண்ணன் தம்பி கதைக்காமல் போனதாகக் கேள்வி. உப்சாலா அக்கா சொன்ன இடத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கலாம், கேட்பதே ஒரு ஊரை இரண்டாக உடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. புதைக்கும் இடம் இக்னஸ் எல்லைக்குள்ளேயே இல்லை, 40 கிலோமீட்டர் தள்ளி. அது பூர்வகுடிகளின் நிலம். வாபிகூன் ஏரி ஒஜிப்வே மக்களிடமும் கேட்டார்கள், அவர்கள் 2024 நவம்பரில் அடுத்த கட்டத்துக்குப் போகலாம், ஆனால் எங்கட சொந்த ஆய்வும் நடக்கும் என்றார்கள். பக்கத்திலிருக்கும் ஈகிள் ஏரி மக்கள், இது எங்கட நிலமும்தான், எங்களை ஏன் கேட்கவில்லை என்று நீதிமன்றம் போனார்கள். கழிவு வரப்போகிற வழி நெடுக, 1500 கிலோமீட்டருக்கு மேல், எத்தனை ஊர்? அவர்களுக்கு வாக்கு இல்லை. குளிர்காலத்தில் அந்த றோட்டில் லொறி எப்படிச் சறுக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் மற்றப் பக்கமும் இருக்கிறது. அந்தக் கழிவு இப்ப எங்கே இருக்கிறது? டொராண்டோவுக்குப் பக்கத்தில் பிக்கரிங் அணு உலையில் ஒரு பகுதி. ஸ்காபரோ, ஏஜாக்ஸ், மார்க்கம் என்று எங்கட சனம் நிறைந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், நாங்கள் தண்ணி குடிக்கிற ஏரிக் கரையில். கோயில் திருவிழாவுக்கு அந்தப் பக்கத்தால்தான் போகிறோம். ஐம்பது வருஷத்து மின்சாரம் நாங்கள் எரித்தது, புதைப்பது 1200 பேர் ஊருக்குப் பக்கத்தில். எங்கட சங்கங்களில் ஒன்றாவது இதைப் பற்றிக் கூட்டம் போட்டு நான் பார்க்கவில்லை. எங்களைக் கேட்டிருந்தால் நாங்களும் "வேறு எங்காவது" என்றுதான் சொல்லியிருப்போம்.

---

மாரிக்குப்பம் லோக்கல் எழுதியது:

லாரி அண்ணா, அந்த ஈகிள் ஏரிக்காரங்க மாதிரி கோர்ட்டுக்குப் போகக்கூட எங்களுக்கு வழி இருக்கவில்லை. திட்டமே இல்லைன்னு சொல்லிட்டா எதை எதிர்த்து வழக்குப் போடுவது?

---

ஜெராக்ஸ்கடை அக்கா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக டைப் அடித்து அடித்து அழித்துவிட்டு இப்போது இப்படி நிற்கிறது:

ஒன்று, ஏஎஃப்ஆர் முழு அறிக்கையும் தமிழில் வேண்டும், சுருக்கம் போதாது. இரண்டு, எத்தனை வருஷம் இங்கே இருக்கும், அதற்குப் பிறகு எங்கே போகும் என்று தேதியோடு எழுத்தில் வேண்டும். மூன்று, ஊராட்சி தானே தேர்ந்தெடுக்கும் நிபுணருக்கு நிதி வேண்டும், அது மின்சாரம் விற்ற காசிலிருந்து வர வேண்டும். நான்கு, இந்த எரிகோல்கள் எந்த ஊருக்குப் போவதாக இருந்தாலும், அந்த ஊரை முதலில் கேட்டு, அந்த ஊர் மறுத்தால் அங்கே போகக் கூடாது. இவை நான்கும் தீரும் வரை எங்களிடம் சம்மதம் கேட்க வேண்டாம்.

"வேறு எங்காவது கொண்டுபோங்கள்" என்ற வரியை எடுத்துவிட்டேன். தலைவருக்குக் காட்டினேன். நாலாவது எதற்கு, அது நம் வேலையா என்றார். கோலார் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சபையில நீயே வாசி" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதுவரை கிராம சபையில் நான் பின் வரிசையில் உட்கார்ந்து எழுந்து வந்ததோடு சரி.

அண்ணன் மகனுக்கு இந்த இழை முழுவதையும் அனுப்பினேன். "அத்தை, 20க்கு 7 தான், நான் சொன்னது ஓரளவு சரிதானே" என்று பதில் போட்டிருக்கிறான். அவனை விடுங்கள்.

உப்சாலா தங்கச்சி, அந்த 2009 ஒப்பந்தம் ஆங்கிலத்தில் கிடைத்தால் அனுப்ப முடியுமா? அவனையே உட்கார வைத்து மொழிபெயர்க்கச் சொல்கிறேன். அண்ணாச்சி, எக்ஸ்ரே கேட்ட அந்தப் பெரியவருக்குச் சொல்லாத எண் என்ன என்று இங்கேயாவது போடுங்கள். இங்கேயும் யாராவது கேட்பார்கள்.